பருத்த கழுத்தில் எதை நம்புவது? தொண்டையை மரக்கவைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

"சார், கழுத்தே இல்லை. எங்கே குத்துவது?"

ராத்திரி ஒன்பதரைக்குப் போனில் ஒரு ஜூனியர் கேட்டது இது. நோயாளி கேரளத்து ஆரியங்காவுப் பக்கத்து அம்மா. உயரம் 155 செ.மீ., எடை 120 கிலோ, பி.எம்.ஐ. 50. பழைய தழும்பில் மேல்வயிறு வரை பெரிய குடலிறக்கம், முதுகில் ஊசி போட்டுச் சமாளிக்க முடியாது. வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது, தலையைப் பின்னால் சாய்க்க முடியவில்லை, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, குறட்டையில் வார்டே தூங்கவில்லையாம். மயக்கிவிட்டுப் பிறகு குழாய் தேடுவது இங்கே சூதாட்டம், அதனால் விழிப்பிலேயே ஃபைபர் ஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும் வளையும் கருவி) வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார். அதுவரை சரி. எப்படி மரக்கவைப்பது என்பதில்தான் நின்றுவிட்டார். கல்லூரியில் அவர் பார்த்ததெல்லாம் கழுத்தில் ஊசி போட்டு நரம்பை மரக்கவைக்கும் பிளாக். இந்தக் கழுத்திலோ தொட்டால் கொழுப்புதான் கைக்குத் தட்டுப்படுகிறது.

புளியரை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்தும் நோயாளிகள் வரும் சின்ன மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் பலர் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இது மயக்கவியல் படித்தவர்களுக்கானது, வீட்டில் செய்து பார்க்கும் சமாசாரம் இல்லை.

## ஒல்லியானவருக்குச் செய்வதை அப்படியே செய்தால் என்ன?

பருத்த உடம்பில் மூன்று விஷயங்கள் மாறிவிடுகின்றன. மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிஞ்சும் காற்று குறைவு, படுத்தால் இன்னும் குறையும். அதனால் மூச்சு நின்றால் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கும், யோசிக்க நேரம் கிடைக்காது. இரண்டாவது, தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் இவர்களில் அதிகம். தூக்கத்துக்கும் வலிக்கும் கொஞ்சம் மிடசோலம், கொஞ்சம் ஃபென்டனில் என்று ஆரம்பித்தால் நாக்கு பின்னால் விழுந்து, விழிப்பில் செய்ய வந்த வேலை பாதி மயக்கத்தில் செய்யும் வேலையாகிவிடும். மூன்றாவது, எலும்பும் குருத்தெலும்பும் கைக்குத் தெரியாது.

பிரிட்டனில் 2011-இல் வந்த நாப்4 அறிக்கை, பெரிய காற்றுப்பாதை விபத்துகளை நாடு முழுவதும் ஓராண்டு திரட்டிப் பார்த்தது. பருமனானவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்கு, மிகப் பருமனானவர்களுக்கு நான்கு மடங்கு என்றது. விழிப்பில் செய்திருக்க வேண்டிய இடங்களில் பலர் செய்யவில்லை என்றும் சொன்னது. ஏன் செய்யவில்லை என்று என்னைக் கேட்டால், முக்கால்வாசிப் பேருக்கு ஸ்கோப்பைக் கண்டு பயம் இல்லை, மரக்கவைப்பதில் கைப்பழக்கம் இல்லை என்பேன். தொண்டை நன்றாக மரத்துவிட்டால் ஸ்கோப் போடுவது பெரிய வித்தையே இல்லை.

## எதை வைத்து அளப்பது?

எந்த வழியையும் இந்த ஐந்து கேள்விகளோடு பாருங்கள்.

- கழுத்தில் கைக்கு ஏதாவது தட்டுப்பட வேண்டுமா?
- மரக்கவைக்கும் மருந்தான லிக்னோகெய்ன் எத்தனை மி.கி. செலவாகும், அதை எண்ண முடியுமா?
- உட்கார்ந்த நிலையிலேயே செய்ய முடியுமா?
- எவ்வளவு நேரம்?
- சரியாக வராவிட்டால் என்ன கெடும்?

இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நல்ல கை உள்ளவர்களும் சறுக்குவது அங்கேதான். பிரிட்டனின் மயக்கவியலாளர் அமைப்பான டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் 2020 வழிகாட்டுதல், மேற்பூச்சு லிக்னோகெய்னுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 9 மி.கி. என்கிறது. எந்தக் கிலோ? தராசு காட்டும் கிலோ அல்ல, கொழுப்பைக் கழித்த எடை. உயரம், எடை, ஆணா பெண்ணா என்பதை வைத்து அதைக் கணக்கிடும் சூத்திரம் உண்டு, போனிலேயே போடலாம். ஆரியங்காவு அம்மாவுக்கு அது சுமார் 53 கிலோ. அப்படியானால் வரம்பு ஏறக்குறைய 477 மி.கி. தராசு எடையில் போட்டிருந்தால் 1080 வந்திருக்கும். மருந்து மிஞ்சினால் வரும் வலிப்பு ஒன்று இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது ஒரு 'எதற்கும் இருக்கட்டும்' பட்டியல் போட்டுப் பார்ப்போம். 4% நெபுலைசரில் 4 மி.லி., அது 160. 10% ஸ்ப்ரே 12 முறை, ஒரு அழுத்தலுக்கு 10 வீதம் 120. கழுத்து வழியாக மூச்சுக்குழாய்க்குள் 4% 3 மி.லி., இன்னொரு 120. மேல் குரல்வளை நரம்புக்கு இரண்டு பக்கமும் 2% 2 மி.லி. வீதம், 80. ஜெல்லி 2% 5 மி.லி., 100. கூட்டினால் 580, வரம்பைத் தாண்டியாயிற்று. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். ஜெல்லியை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அதுவும் மருந்துதான் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா.

## நெபுலைசர்

எல்லா ஊரிலும் இருக்கிறது, ஊசி இல்லை, நோயாளி சாய்ந்து உட்கார்ந்தபடியே இழுக்கலாம், ஆக்சிஜனிலேயே ஓட்டலாம். பயந்த நோயாளிக்கு இதைவிட மென்மையான தொடக்கம் கிடையாது. 4% 4 மி.லி. போட்டு 15, 20 நிமிடம் விடுவோம்.

குறை என்னவென்றால், ஆஸ்துமாவுக்குச் செய்த கருவி அது. மருந்தை நுண்துளியாக்கி நுரையீரலுக்குள் அனுப்புவதே அதன் வேலை. நமக்கு வேண்டியதோ தொண்டையிலேயே விழும் பெரிய துளி. பாதி காற்றில் போகும், மாஸ்க் ஓரத்தில் போகும், மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. வீணாய்ப் போனதையும் கணக்கில் 160 என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, கைக்கு வந்த மரப்பு அதில் பாதிகூட இருக்காது. இதை மட்டும் நம்பி நான் ஸ்கோப்பைக் கையில் எடுத்ததில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு இருமலும் இழுப்பும் வரலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்பளிக்கக் கொடுக்கும் 2% விஸ்கஸும் (கெட்டியான லிக்னோகெய்ன் திரவம்) கிட்டத்தட்ட இதே கதை. நாக்கும் அண்ணமும் மரக்கும், குரல்வளைக்கு எட்டாது. சாய்ந்து உட்கார்ந்த பருத்த நோயாளி துப்பாமல் விழுங்கிவிடவும் கூடும்.

## ஸ்ப்ரேயும் அட்டமைசரும்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் நான் நடுநிலை என்று நினைத்துவிடாதீர்கள்.

10% ஸ்ப்ரே பாட்டிலில் ஒவ்வொரு அழுத்தலும் 10 மி.கி., எண்ணிக்கொண்டே போகலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது அடிக்க வேண்டும், அவசரப்படாமல், நாக்கின் அடி, டான்சில் தூண்கள், பின்தொண்டை என்று இடம் மாற்றி மாற்றி. வளைந்த நீளக் கழுத்துள்ள அட்டமைசர் (மருந்தைச் சாரலாக்கும் கருவி) கிடைத்தால் குரல்வளை மூடியான எபிகிளாட்டிஸ் வரை போகலாம். அது எங்கள் பக்கம் கேட்டவுடன் கிடைக்கும் பொருள் அல்ல. இல்லாவிட்டாலும் பரவாயில்லை: 20 நம்பர் கேனுலாவின் ஊசியை எடுத்துவிட்டு, மூன்று வழிக் குழாய் வைத்து ஆக்சிஜன் டியூபோடு இணைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடவிட்டு, அந்தக் குழாயின் இன்னொரு துளை வழியாக 4% மருந்தைச் சிரிஞ்சில் சொட்டுச்சொட்டாகத் தள்ளினால் அருமையான சாரல் வரும். மெக்கன்ஸி முறை என்பார்கள். செலவு ஒரு கேனுலாவும் ஒரு மூன்று வழிக் குழாயும்.

கழுத்தைத் தொடவே வேண்டாம் என்பதுதான் பருத்தவருக்கு இதன் பெரிய லாபம். மறைந்திருக்கும் செலவு பொறுமை. எச்சில் நிறைய இருந்தால் மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், ஆகவே 20, 30 நிமிடம் முன்னாலேயே எச்சிலை உலர்த்தும் கிளைக்கோபைரோலேட் கொடுத்திருக்க வேண்டும். தியேட்டருக்குள் வந்தபிறகு நினைவு வந்து கொடுத்தால் வாய் உலரும் நேரத்தில் சர்ஜன் கடிகாரம் பார்க்க ஆரம்பித்திருப்பார்.

## போகப்போகத் தெளிப்பது

ஸ்ப்ரே ஆஸ் யூ கோ என்று எல்லோரும் சொல்வது. ஸ்கோப்பின் வேலைத் துளை வழியாக, முடிந்தால் உள்ளே எபிடியூரல் கேதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே குரல் நாண்களுக்கு மேல், நாண்கள் மீது, அவற்றுக்குக் கீழே என்று மருந்தை விடுவது. ஒவ்வொரு முறையும் 2% 2 மி.லி. விட்டால் 40 மி.கி., மூன்று முறைக்கு 120. மருந்து படும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது, வீணாவது குறைவு.

விட்டதும் இருமல் வரும், ஸ்கோப் மங்கும். பின்வாங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, மீண்டும் போக வேண்டும். இந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. பருத்தவருக்குத் தொண்டையின் சதைகள் ஸ்கோப்பின் மேல் வந்து விழுவதால் வழி கண்டுபிடிக்கவே நேரம் ஆகும், அதற்குள் முன்னால் தெளித்தது தணிய ஆரம்பித்துவிடும். உதவிக்கு நிற்பவரை நாக்கைக் காஸ் துணியில் பிடித்து மெல்ல முன்னால் இழுக்கச் சொல்லுங்கள், பாதி பிரச்சினை தீரும்.

ஸ்கோப் இல்லாமல் வீடியோ லாரிங்கோஸ்கோப் (கேமரா பொருத்திய பிளேடு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விழிப்பில் அதையும் பயன்படுத்தலாம், தேர்ந்த கையில் வெற்றி இரண்டுக்கும் ஒப்பானதுதான். ஆனால் பிளேடு நாக்கின் அடியை அழுத்தித் தூக்கும். ஃபைபருக்குப் போதும் என்று தோன்றிய மரப்பு அதற்குப் போதாது.

## கழுத்து வழியாக மூச்சுக்குழாய்க்குள்

குரல்வளையின் முன்புறம் இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் கிரைக்கோதைராய்டு சவ்வு வழியாகக் கேனுலா, காற்று வருகிறதா என்று இழுத்துப் பார்ப்பது, மருந்து, ஒரு பெரிய இருமல். அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் பரப்பிவிடும். நாண்களுக்குக் கீழே இதைப்போல் மரக்கவைப்பது வேறெதுவும் இல்லை, இரண்டே நிமிட வேலை. மெலிந்த கழுத்தில் நானும் இதைத்தான் விரும்பிச் செய்வேன்.

பருத்த கழுத்தில் என் கதை வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சவ்வு என்று நினைத்த இடத்தில் குத்தினேன், காற்று வரவில்லை. கொஞ்சம் கீழே, கொஞ்சம் பக்கத்தில். நான்காவது குத்தில் காற்று வந்தது, மருந்தும் போயிற்று, நன்றாகவே மரத்தது. ஆனால் அதற்குள் அந்த மனிதர் என் கையைத் தட்டிவிட ஆரம்பித்திருந்தார், ஸ்கோப்பை மூக்கருகே கொண்டுபோனதுமே தலையைத் திருப்பிக்கொண்டார். தொண்டை மரத்ததில் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. விழிப்பில் செய்யும் வேலைக்கு முதல் மருந்து நோயாளியின் நம்பிக்கைதான், அதை நான் நான்கு குத்தில் செலவழித்துவிட்டேன்.

இப்போது அல்ட்ராசவுண்ட் இருந்தால் மட்டும் யோசிக்கிறேன். பிரசவ வார்டில் இருக்கும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் போதும், தோலுக்கு அருகில் உள்ளதைக் காட்டும் ப்ரோப் வைத்துச் சவ்வைக் கண்டு பேனாவால் குறி போடலாம். இந்தக் குறியை, ஊசி போடப்போவதில்லை என்றாலும் போடுங்கள். எல்லாம் கைவிட்டுப் போய்க் கழுத்தைத் திறக்க வேண்டி வந்தால் அந்தக் கோடுதான் கைகொடுக்கும், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், கழுத்தில் சீழோ கட்டியோ உள்ளவர், கழுத்து முதுகெலும்பு முறிந்து இருமக்கூடாதவர்: இவர்களுக்கு வேண்டாம்.

## நரம்பு பிளாக்குகள்

மேல் குரல்வளை நரம்புக்கு, நாக்கடியில் இருக்கும் ஹையாய்டு எலும்பின் கொம்பைத் தொட்டு உணர்ந்து ஊசியை நகர்த்த வேண்டும். 120 கிலோ கழுத்தில் அந்தக் கொம்பு கைக்குத் தெரிந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். பக்கத்திலேயே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அல்ட்ராசவுண்டில் செய்யலாம், நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். பழகாத கைக்கு, ஆழமான கொழுப்பில், மறுநாள் காலை ஆபரேஷனுக்கு முந்தைய இரவு கற்றுக்கொள்ளும் விஷயம் அது இல்லை.

நாக்கடியில் போடும் குளோசோஃபாரிஞ்சியல் நரம்பு பிளாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாய் நன்றாகத் திறக்க வேண்டும், ஊசி போடும்போதே குமட்டும், கரோட்டிடுக்குள் துளி போனாலும் வலிப்பு. அந்த நரம்பு பார்க்கும் இடமெல்லாம் ஸ்ப்ரே எட்டும் இடம்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | கழுத்துக் குறி | வழக்கமாகச் செலவாகும் மருந்து | நேரம் | பருத்தவருக்கு |
|---|---|---|---|---|
| நெபுலைசர் | வேண்டாம் | 160 மி.கி. | 15–20 நிமிடம் | தொடக்கத்துக்கு மட்டும் |
| ஸ்ப்ரே, அட்டமைசர் | வேண்டாம் | 100–200 மி.கி. | 10 நிமிடம் | முதல் தேர்வு |
| போகப்போகத் தெளிப்பது | வேண்டாம் | 120 மி.கி. | கூடுதலாக 5–10 நிமிடம் | ஸ்ப்ரேயோடு சேர்த்து |
| மூச்சுக்குழாய் ஊசி | கட்டாயம் | 80–120 மி.கி. | 2–3 நிமிடம் | சவ்வு தெரிந்தால் மட்டும் |
| மேல் குரல்வளை பிளாக் | கட்டாயம் | 80 மி.கி. | 5–10 நிமிடம் | பழகிய கையும் அல்ட்ராசவுண்டும் இருந்தால் |

நேரங்கள் என் கைக்கணக்கு, உங்களுக்கு முன்பின் இருக்கும்.

## யாருக்கு எது?

நேரம் இருக்கிறது, நோயாளி ஒத்துழைக்கிறார் என்றால் ஸ்ப்ரேயும் போகப்போகத் தெளிப்பதும். தொட்டாலே துள்ளுகிறார் என்றால் முதலில் நெபுலைசர், ஆனால் அதற்குச் செலவான 160-ஐ மறக்காமல் ஸ்ப்ரேயைக் குறையுங்கள். எச்சில் கொட்டுகிறது, தெளிப்பதெல்லாம் வழிந்துபோகிறது, கழுத்தில் சவ்வு அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரிகிறது என்றால் மூச்சுக்குழாய் ஊசி உண்மையிலேயே மேலானது, அங்கே பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வயிறு நிறைந்தவருக்கு எந்த வழியானாலும் நாண்களுக்குக் கீழே மரத்துவிட்டால் புரையேறுவதைத் தடுக்கும் காவல் போய்விடுகிறது. கடைசியாக மரக்கவைத்து, உடனே குழாயைப் போட்டு அதைச் சுற்றியுள்ள பலூனான கஃப்பை ஊதிவிடுங்கள். மரத்த தொண்டைக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது.

எதுவானாலும் நோயாளி தலைமாடு உயர்த்திச் சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும், மூக்கில் ஆக்சிஜன் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடட்டும், லிக்னோகெய்ன் மிஞ்சி நஞ்சானால் கொடுக்க 20% லிப்பிட் பாட்டில் அறையிலேயே இருக்கட்டும். உதட்டில் ஊறல், காதில் இரைச்சல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது சொன்னால் நிறுத்துங்கள். இதைச் சொல்ல அவர் விழித்திருக்க வேண்டும் என்பதாலேயே மயக்கத்தை மிகக் கொஞ்சமாக, டெக்ஸ்மெடிட்டோமிடின் போல ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மரப்பு போதவில்லை என்பதற்காக மயக்கத்தைக் கூட்டுவது இந்த உடம்பில் மிக மோசமான பண்டமாற்று.

அப்புறம் பாஷை. இதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது. மலையாளத்தில் மூச்சை இழுப்பது 'ஸ்வாசம் வலிக்குக'. ஒருமுறை நோயாளி "ஸ்வாசம் வலிக்கணோ டாக்டரே?" என்று கேட்க, மதுரையிலிருந்து புதிதாக வந்த சிஸ்டர் மூச்சு விட்டால் வலிக்கிறதாம் என்று பதறி ஸ்ப்ரேயை நிறுத்தச் சொன்னார். இழுக்கட்டுமா என்றுதான் பாவம் கேட்டிருக்கிறார். அங்கே வலி என்றால் 'வேதன', மரத்துவிட்டதா என்று கேட்க 'மரவிச்சோ'. இந்த மூன்று சொல்லையும், கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவோம் என்பதையும் வார்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனியர் மறுநாள் மத்தியானம் மறுபடி கூப்பிட்டார். மூக்குக்கு அடைப்பை நீக்கும் சைலோமெட்டசோலின், அப்புறம் 4% நனைத்த பஞ்சில் 80, ஸ்ப்ரே 12 முறை, நாண்கள் அருகே மூன்று தெளிப்பில் 120, குழாயில் தடவிய ஜெல்லிக்கு 40. மொத்தம் 360, பிளாஸ்டரில் எழுதிச் சிரிஞ்சில் ஒட்டி வைத்திருந்தாராம். இருமல் இரண்டு தடவை, ஆக்சிஜன் 96-க்குக் கீழே இறங்கவில்லை. கழுத்தில் குறி மட்டும் போட்டார், குத்தவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வயிற்றில்தானே, கழுத்தில் எதற்குப் பேனாக் கோடு என்று கேட்டிருக்கிறார்.